எர்கேட்டிவ் இலக்கணத்தைப் படிப்படியாகப் பிடிப்பது எப்படி: ஒரு மழைக்காட்டு மொழியை வைத்து முழு வழிகாட்டி

செய்பவருக்குத் தனி உருபு போடும் எர்கேட்டிவ் என்ற இலக்கண அமைப்பின் வரையறை ஒன்றரை வரிதான். அதைப் படித்துவிட்டு, புரிந்த மாதிரியும் புரியாத மாதிரியும் நின்றுவிடுகிறவர்கள் அதிகம். காரணம், வரையறையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாக்கியத்தைக்கூடப் படிக்க முடியாது. பாஸ்க், ஜார்ஜியன், மாயன் என்று பத்து மொழிகளிலிருந்து ஆளுக்கொரு வாக்கியம் காட்டும் அறிமுகங்களும் உதவுவதில்லை. ஒரே ஒரு மொழியை எடுத்து, ஐந்தாறு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் ஆழம்வரை போவதுதான் சரியான வழி.

நான் எடுத்துக்கொள்ளும் மொழி ஜிர்பல். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கெய்ர்ன்ஸ் நகருக்குத் தெற்கே, டல்லி ஊரைச் சுற்றியுள்ள மழைக்காட்டின் மொழி அது. ஜிர்பல், கிரமய், மமு, ஙஜன் என்று பல குழுக்கள் அதன் வட்டார வகைகளைப் பேசினார்கள். 1963இல் ஆர். எம். டபிள்யூ. டிக்சன் என்ற இளம் மொழியியலாளர் அங்கே போனார். குளோயி கிராண்ட், ஜார்ஜ் வாட்சன் போன்ற மூத்தவர்கள் அவருக்கு மொழியைச் சொல்லிக்கொடுத்தார்கள். 1972இல் அவருடைய இலக்கண நூல் வெளியானபோது, உலகெங்கும் மொழியியலாளர்கள் ‘எழுவாய்’ என்ற கருத்தையே மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று. அதை எழுதியவர் டிக்சன். அந்த இலக்கணத்தைத் தலையில் வைத்திருந்தவர்கள் அந்தக் காட்டு மக்கள். இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இணையத்தில் தேடுவதாக இருந்தால் ஒரு குறிப்பு: ஆங்கில நூல்களில் இந்தப் பெயர் டி, ஒய், ஐ, ஆர், பி, ஏ, எல் என்ற எழுத்துகளால் எழுதப்படுகிறது. ஜே-யில் தேடினால் பழைய ஆய்வுகள் பல தப்பிப்போகும்.

படி 1: ஒலிகளைப் பழகுங்கள்

தமிழ் எழுத்து தெரிந்தவருக்கு இந்தப் படி சுலபம். ஜிர்பலில் அ, இ, உ என்று மூன்றே உயிர்கள், மெய்கள் பதின்மூன்று. ங-விலும் ஞ-விலும் சொற்கள் தொடங்கும். ப-வை வல்லோசையாகச் சொன்னாலும் மெல்லோசையாகச் சொன்னாலும் பொருள் மாறாது, க-வும் அப்படியே. ஆங்கில எழுத்தில் சிரமப்பட்டு எழுதும் பலதை நம் எழுத்தில் நேராக எழுதிவிடலாம். ர-வில் இரண்டு வகை உண்டு: ஒன்று நாக்கை வளைத்துச் சொல்வது, நம் ழ-வுக்கு நெருக்கமானது, மற்றது அதிர்ந்து வருவது. இங்கே முதலாவதை ர என்றும் இரண்டாவதை ர்ர என்றும் எழுதுகிறேன்.

இந்த வழிகாட்டியில் பெரும்பகுதிக்குத் தேவையான சொற்கள் இவ்வளவுதான். ஙும - அப்பா. யபு - அம்மா. ஙன - நாங்கள். ஞுர்ர - நீங்கள். பனகஞு - திரும்பி வந்தது. புரன் - பார்த்தது. இந்த வினைகள் ஆளுக்கு ஏற்ப மாறுவதில்லை. வந்தேன், வந்தாய், வந்தார் எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். எனவே யார் செய்தார் என்பதை வினையைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. பெயரின் உருபைத்தான் பார்க்க வேண்டும்.

படி 2: மூன்று இடங்களைப் பிரித்து வையுங்கள்

‘எழுவாய்’, ‘செயப்படுபொருள்’ என்ற இரண்டு பெட்டிகளைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். வாக்கியத்தில் மூன்று இடங்கள் இருப்பதாக நினையுங்கள்.

‘அப்பா வந்தார்’ - இங்கே ஒரே ஒரு ஆள்தான். இவரைத் தனியாள் என்போம்.

‘அம்மா அப்பாவைப் பார்த்தார்’ - இங்கே இரண்டு பேர். அம்மாவைச் செய்பவர் என்றும் அப்பாவைப் படுபவர் என்றும் அழைப்போம்.

தமிழ் என்ன செய்கிறது? தனியாளுக்கும் செய்பவருக்கும் உருபு எதுவும் இல்லை. படுபவருக்கு மட்டும் ஐ. அதாவது தனியாளையும் செய்பவரையும் ஒரே கட்சியில் போட்டு, அந்தக் கட்சிக்கு எழுவாய் என்று பெயர் வைத்திருக்கிறோம். பள்ளியில் இதை இயற்கை விதி மாதிரி படித்ததால், வேறு விதமாகவும் கட்சி பிரிக்கலாம் என்பதே நமக்குத் தோன்றுவதில்லை.

படி 3: உருபு இல்லாத பெயரைத் தேடுங்கள்

இப்போது ஜிர்பல்.

ஙும பனகஞு - அப்பா திரும்பி வந்தார்.
யபு பனகஞு - அம்மா திரும்பி வந்தார்.
ஙும யபுங்கு புரன் - அம்மா அப்பாவைப் பார்த்தார்.
யபு ஙுமங்கு புரன் - அப்பா அம்மாவைப் பார்த்தார்.

மூன்றாவது வாக்கியத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஙும உருபில்லாமல் வெறுமையாக நிற்கிறது. தமிழ்ப் பழக்கத்தில் கை தானாக அதை எழுவாய் என்று எடுத்துவிடும். அப்பாதான் பார்த்தார் என்று படித்துவிடுவோம். உண்மையில் ங்கு என்ற உருபு ஒட்டியிருப்பது யபு மேல், அந்த உருபு செய்பவருக்கு உரியது. உருபில்லாமல் நிற்கும் அப்பா படுபவர். தனியாளும் படுபவரும் ஒரே கட்சி, செய்பவர் தனிக் கட்சி. எர்கேட்டிவ் என்பது இதுதான். ங்கு-வை எர்கேட்டிவ் உருபு என்கிறார்கள்.

சொல் வரிசையை நம்ப வேண்டாம். ஜிர்பலில் சொற்களைப் பெரும்பாலும் எப்படி வேண்டுமானாலும் மாற்றி அடுக்கலாம், தமிழைவிடவும் தாராளம். ‘யபுங்கு புரன் ஙும’ என்றாலும் பார்த்தவர் அம்மாவே.

உருபும் எப்போதும் ங்கு-வாகவே வராது. இரண்டு அசையுள்ள, உயிரில் முடியும் சொல்லுக்கு ங்கு. அதைவிட நீண்ட சொல்லுக்கு வெறும் கு: யமனி (வானவில்) - யமனிகு. மெல்லினத்தில் முடிந்தால் அதற்கு இனமான வல்லினம்: மிதின் (ஒரு வகை மரவாழ் விலங்கு) - மிதின்து. ல-வில் முடிந்தால் அது போய் ரு வரும்: ஜுகும்பில் (பெண்) - ஜுகும்பிரு. இதை இப்போது மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனால் இப்படி ஒரு பட்டியல் இருந்தது என்பது நினைவில் இருக்கட்டும், பின்னால் வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். ‘எர்கேட்டிவ் மொழி பேசுகிறவர்கள் தங்களைச் செயலற்றவர்களாக உணர்கிறார்கள்’ என்று சில கட்டுரைகளில் எழுதியிருப்பார்கள். அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. யாருக்கு உருபு போடுவது என்பது ஒரு கணக்கு முறை. மூன்று இடங்களைப் பிரித்துக் காட்ட ஒன்றைக் குறித்தால் போதும். தமிழ் ஒன்றைக் குறிக்கிறது, ஜிர்பல் இன்னொன்றைக் குறிக்கிறது. ஒரு காட்டு மக்களின் மனத்தை இதை வைத்து அளப்பது தவறு, அநியாயமும்கூட.

‘எனக்குப் பசிக்கிறது’ என்பதும் எர்கேட்டிவ் அல்ல. அங்கே கு வாங்குவது அனுபவிப்பவர். எதையும் யாருக்கும் செய்பவர் இல்லை. தமிழில் எர்கேட்டிவ் இல்லை. இந்தி கற்றவர்களுக்கு ‘நே’ நினைவுக்கு வரும். அது உண்மையான உறவுதான். ஆனால் இந்தியில் அது முடிந்த செயலைச் சொல்லும்போது மட்டும் வரும்.

படி 4: பிளவைக் கண்டுபிடியுங்கள்

முழுக்க முழுக்க எர்கேட்டிவாக இருக்கும் மொழி அரிது. எங்கேயோ ஒரு கோடு இருக்கும். அதற்கு ஒரு பக்கம் ஒரு கணக்கு, மறுபக்கம் வேறு கணக்கு. இந்தியில் கோடு வினையில். ஜிர்பலில் பெயரில்.

ஙன பனகஞு - நாங்கள் திரும்பி வந்தோம்.
ஞுர்ர ஙனன புரன் - நீங்கள் எங்களைப் பார்த்தீர்கள்.
ஙன ஞுர்ரன புரன் - நாங்கள் உங்களைப் பார்த்தோம்.

படுபவருக்கு ன என்ற உருபு வந்திருக்கிறது. தனியாளும் செய்பவரும் வெறுமை. அப்படியே தமிழ்க் கணக்கு! தன்மையும் முன்னிலையும் நம் மாதிரி நடக்கின்றன. மற்ற பெயர்கள் எர்கேட்டிவாக நடக்கின்றன.

இது தற்செயல் அல்ல. 1976இல் மைக்கேல் சில்வர்ஸ்டீன் என்ற மொழியியலாளர் பல மொழிகளை வைத்து ஒரு வரிசையைக் காட்டினார்: நான், நீ என்பவை ஒரு முனை, பிறகு ஆட்பெயர்கள், மனிதர்கள், விலங்குகள், கடைசியில் உயிரற்ற பொருள்கள். பேச்சில் ‘நான்’ பெரும்பாலும் செய்பவராக வருவதால், செய்பவர் இடத்தில் அதற்குத் தனிக்குறி தேவைப்படுவதில்லை; படுபவர் ஆகும்போதுதான் குறிக்கத் தோன்றும். கல் செய்பவராக வருவது அபூர்வம். வந்தால் குறிக்க வேண்டும். எர்கேட்டிவ் பெயரளவில் பிளவுபடும் மொழிகளில், அந்தக் கோடு இந்த வரிசையில் எங்கேயோ விழுகிறது. தமிழிலும் இதன் சாயல் உண்டு: ‘மரம் வெட்டினான்’ என்று ஐ இல்லாமல் சொல்வோம், ‘அம்மா பார்த்தான்’ என்று சொல்ல முடியாது. திணை உயர உயரப் படுபவருக்கு உருபு கட்டாயமாகிறது.

கோட்டுக்கு இருபுறமும் உள்ளவை ஒரே வாக்கியத்தில் சந்தித்தால் என்ன ஆகும்? எனக்கு ஜிர்பலில் மிகப் பிடித்த இடம் இது.

ஙனன யபுங்கு புரன் - அம்மா எங்களைப் பார்த்தார்.
ஙன யபு புரன் - நாங்கள் அம்மாவைப் பார்த்தோம்.

முதல் வாக்கியத்தில் இருவருக்கும் உருபு. இரண்டாவதில் ஒருவருக்கும் இல்லை. இருந்தும் குழப்பம் வருவதில்லை: ஙன வெறுமையாக நின்றால் அது படுபவராக இருக்க முடியாது, யபு வெறுமையாக நின்றால் செய்பவராக இருக்க முடியாது. ஒவ்வொரு பெயரும் தன் கட்சி விதிப்படி நடக்கிறது, அவ்வளவுதான். கிரமய் வகையில் ‘நான்’ என்பதற்கு மூன்று இடங்களுக்கும் மூன்று வெவ்வேறு வடிவங்கள் உண்டு. அங்கே கட்சியே கிடையாது, மூவரும் சுயேச்சை.

படி 5: இரண்டு வாக்கியங்களை இணைத்துப் பாருங்கள்

பெரும்பாலான எர்கேட்டிவ் மொழிகளில் கதை உருபோடு முடிந்துவிடும். வாக்கியங்களை இணைக்கும்போது அவை நம்மைப் போலவே நடந்துகொள்கின்றன. ஜிர்பல் அப்படியில்லை. மொழியியலில் அதற்குத் தனி இடம் கிடைத்தது இதனால்தான்.

தமிழில் ‘அப்பா திரும்பி வந்து அம்மாவைப் பார்த்தார்’ என்கிறோம். வந்தவரும் பார்த்தவரும் ஒருவரே என்று யாரும் சொல்லாமலே தெரியும். தனியாளும் செய்பவரும் நமக்கு ஒரே கட்சி என்பதால் அந்த இணைப்பு இயல்பாக வருகிறது. இப்போது ஜிர்பல்:

ஙும பனகஞு யபுங்கு புரன்.

இரண்டாம் பாதியில் செய்பவர் யபுங்கு, அதாவது அம்மா. படுபவர் சொல்லப்படவில்லை. அவர் யார்? முதல் பாதியின் தனியாள்: அப்பா. ‘அப்பா திரும்பி வந்தார், அம்மா அவரைப் பார்த்தார்’ என்று பொருள். பொதுவாக இருக்கும் ஆள், ஒரு பாதியில் தனியாளாகவும் மறுபாதியில் படுபவராகவும் இருக்கிறார்.

வரிசையை மாற்றிப் பாருங்கள்:

ஙும யபுங்கு புரன் பனகஞு.

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்புறம் யாரோ திரும்பி வந்தார். தமிழில் ‘அம்மா அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்’ என்றால் வந்தவர் அம்மா. ஜிர்பலில் வந்தவர் அப்பா. இதில் ஊகத்துக்கு இடமே இல்லை. இலக்கணமே அப்படிச் சொல்கிறது.

படி 6: திருப்பிப் போடும் கருவி

சரி, ஒரு ஜிர்பல்காரர் ‘அப்பா திரும்பி வந்து அம்மாவைப் பார்த்தார்’ என்று சொல்ல விரும்பினால்? இங்கே பொதுவான ஆள் ஒரு பாதியில் தனியாள், மறுபாதியில் செய்பவர். ஜிர்பலில் அவர்கள் வேறு வேறு கட்சி, நேராக இணைக்க முடியாது. அதனால் செய்பவரைத் தனியாளாக மாற்ற வேண்டும். அதற்கு வினையில் ஙய் என்ற ஒட்டு இருக்கிறது.

ஙும புரல்ஙஞு யபுகு - அப்பா அம்மாவைப் பார்த்தார்.

புரன் இப்போது புரல்ஙஞு ஆகிவிட்டது. அப்பா உருபில்லாமல், தனியாளாக நிற்கிறார். அம்மா கு-வோடு ஓரத்துக்குப் போய்விட்டார். நடந்த செய்தி ‘யபு ஙுமங்கு புரன்’ சொல்வதேதான். ஆனால் இப்போது இணைக்கலாம்:

ஙும பனகஞு புரல்ஙஞு யபுகு - அப்பா திரும்பி வந்து அம்மாவைப் பார்த்தார்.

செயப்பாட்டு வினை படுபவரை முன்னுக்குக் கொண்டுவந்து செய்பவரைப் பின்னுக்குத் தள்ளும். இந்தக் கருவி அதற்கு நேர் எதிர்; எதிர்ச்செயப்பாடு என்று சொல்லலாம். ஒரு மொழியின் இலக்கணத்தில் இது அடிக்கடி கண்ணில் பட்டால், அந்த மொழி வாக்கியங்களை எர்கேட்டிவ் முறையில் இணைக்கிறதா என்று உடனே பாருங்கள்.

யபுகு என்பதில் உள்ள கு-வைப் பார்த்ததும் நம் நான்காம் வேற்றுமை நினைவுக்கு வரும். நண்பர்களே, அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கால்டுவெல்லே தம் ஒப்பிலக்கணத்தில் ஆஸ்திரேலிய மொழிகளோடு சில ஒற்றுமைகளைச் சுட்டியிருக்கிறார். ஆனால் உறவை நிறுவ ஒன்றிரண்டு உருபுகளின் ஒற்றுமை போதாது. ஒழுங்கான ஒலி ஒப்பீடு வேண்டும். அப்படி எதுவும் நிலைநாட்டப்படவில்லை. தமிழின் பெருமைக்கு இந்தக் கு தேவையில்லை, ஜிர்பலின் பெருமைக்கும் தேவையில்லை.

படி 7: பெயர் வகுப்புகள்

தமிழுக்கு உயர்திணை, அஃறிணை. ஜிர்பலுக்கு நான்கு வகுப்புகள். பெயருக்கு முன்னால் வழக்கமாக ஒரு சிறு சொல் வந்து வகுப்பைக் காட்டும்: பயி யர (ஆண்), பலன் ஜுகும்பில் (பெண்), பலம் மிரஞ் (ஒரு காட்டு அவரை), பல யுகு (மரம்).

பயி வகுப்பில் ஆண்கள், கங்காரு, வௌவால், பெரும்பாலான பாம்புகளும் மீன்களும், நிலா. பலன் வகுப்பில் பெண்கள், பெரும்பாலான பறவைகள், தீ, நீர், சூரியன். பலம் வகுப்பில் இறைச்சி தவிர்த்த உணவு: பழம், கிழங்கு, தேன். மீதியெல்லாம் ‘பல’ வகுப்பில்: உடலுறுப்புகள், கல், காற்று, பேச்சு.

பார்த்தவுடன் தாறுமாறாகத் தெரியும். டிக்சன் கண்ட விளக்கம் அழகானது. சூரியனும் நிலாவும் அவர்கள் கதையில் மனைவியும் கணவனும். அதனால் சூரியன் பலன், நிலா பயி. பறவைகள் இறந்த பெண்களின் ஆவி, அதனால் பலன். மீன்கள் பயி என்றாலும், ஆபத்தான கல்மீன் போன்றவை பிரித்து எடுக்கப்பட்டுப் பலன் ஆகின்றன. இந்த வகுப்புகளைக் கற்க அகராதி மட்டும் போதாது. கதைகளையும் கேட்க வேண்டும்.

இந்தச் சிறு சொல்லும் உருபு ஏற்கும். ‘பலன் ஜுகும்பில் பங்குல் யரங்கு புரன்’ என்றால் ஆண் பெண்ணைப் பார்த்தான். பயி இங்கே பங்குல் ஆகிவிட்டது. பொருள் அருகில் இருக்கிறதா, தொலைவில் தெரிகிறதா, கண்ணுக்கே தெரியாமல் இருக்கிறதா என்பதற்கும் இது மாறும். அடர்ந்த காட்டில் இந்த மூன்றாவது வடிவம் எவ்வளவு உதவியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

படி 8: யாருக்கு முன்னால் எந்தச் சொல்

ஜிர்பலில் அன்றாடப் பேச்சின் பெயர் குவல். மாமியார் முன்னால் மருமகனும், மாமனார் முன்னால் மருமகளும், இன்னும் சில உறவுகள் எதிரிலும் குவல் பேசக் கூடாது என்பது வழக்கமாக இருந்தது. ஜல்ஙுய் என்ற தனிப் பேச்சைத்தான் பேச வேண்டியிருந்தது. ஒலிகள் அதே, இலக்கணம் கிட்டத்தட்ட அதே, சொற்கள் மட்டும் ஏறக்குறைய முழுக்க வேறு. சொற்களின் எண்ணிக்கையும் குவலில் கால்வாசிதான். பல்லி, ஓணான், உடும்பு வகைகளுக்குக் குவலில் தனித்தனிப் பெயர்கள். ஜல்ஙுயில் எல்லாமே ஜிஜன். இதனால் ஆய்வாளருக்கு ஒரு பெரிய வசதி: எந்தெந்தச் சொற்களைப் பேசுகிறவர்களே ஒரே குடும்பமாகக் கருதுகிறார்கள் என்பது நேராகத் தெரிந்துவிடும். ஜல்ஙுய் 1930 வாக்கில் வழக்கொழிந்துவிட்டது. மூத்தவர்கள் நினைவிலிருந்துதான் அது பதிவானது.

படி 9: வேறு காடுகளுக்குப் போகும்போது

அமேசானில் இதே கேள்விகளைக் கேளுங்கள், ஆனால் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, சொல் வரிசை. பிரேசிலின் ஹிஷ்கர்யானா மொழியில் ‘தோத்தோ யொனொயே கமர’: மனிதன், தின்றது, அமெரிக்கச் சிறுத்தை (ஜாகுவார்) என்ற வரிசை. தின்றது சிறுத்தைதான். படுபவர் முதலில் வரும் மொழியே கிடையாது என்று நம்பப்பட்ட காலத்தில், 1977இல் மொழியியலாளர் டெஸ்மண்ட் டெர்பிஷைர் இதை விரிவாக எடுத்துக்காட்டினார்.

இரண்டு, செய்தி எப்படித் தெரிந்தது என்ற குறி. கொலம்பியா-பிரேசில் எல்லையில் பேசப்படும் தூயூக்காவில் ‘அவன் விளையாடினான்’ என்று சும்மா சொல்ல முடியாது. பார்த்தேனா, சத்தம் கேட்டேனா, தடயம் கண்டேனா, யாராவது சொன்னார்களா, நானே ஊகித்தேனா - ஐந்தில் ஒன்றை வினையில் காட்டியே ஆக வேண்டும். நம் ‘வந்தானாம்’ இதன் ஒரு துண்டு. நமக்கு விருப்பம், அவர்களுக்குக் கட்டாயம்.

படி 10: யாருடைய பேச்சு என்று பாருங்கள்

1980களின் தொடக்கத்தில் மொழியியலாளர் ஆனெட் ஷ்மிட், ஜம்பன் என்ற குடியிருப்பில் இளையவர்களின் ஜிர்பலைப் பதிவு செய்தார். 1985இல் ஆய்வு வெளியானது. படி 3இல் சொன்ன உருபுப் பட்டியல் இங்கேதான் வேண்டும். இளையவர்களிடம் அது சுருங்கிக்கொண்டே வந்து, பலரிடம் எல்லாச் சொல்லுக்கும் ஒரே கு ஆகியிருந்தது. மொழியை இன்னும் குறைவாக அறிந்தவர்களிடம் உருபே இல்லை. ஆங்கிலம் மாதிரி சொல் வரிசை அந்த வேலையைச் செய்தது. நான்கு வகுப்புகளும் மெலிந்துபோயின. ஆங்கிலமே எல்லாமாக இருந்த பள்ளியும் வேலையிடமும் ஒரே தலைமுறையில் இவ்வளவு செய்திருக்கின்றன. எனவே எந்த எடுத்துக்காட்டைப் பார்த்தாலும், எந்த ஆண்டில், எந்தத் தலைமுறையிடம் பதிவானது என்று முதலில் பாருங்கள். இளையவர்களின் வாக்கியத்தைத் ‘தவறு’ என்று ஒதுக்கவும் வேண்டாம்; அதற்கும் விதிகள் உண்டு.

பயிற்சி

விடையை மறைத்துக்கொண்டு படியுங்கள்.

ஞுர்ர யபு புரன். - நீங்கள் அம்மாவைப் பார்த்தீர்கள்.
ஙனன ஙுமங்கு புரன். - அப்பா எங்களைப் பார்த்தார்.
யபு பனகஞு ஙுமங்கு புரன். - அம்மா திரும்பி வந்தார், அப்பா அவரைப் பார்த்தார்.
யபு பனகஞு புரல்ஙஞு ஙுமகு. - அம்மா திரும்பி வந்து அப்பாவைப் பார்த்தார்.

கடைசி ஒன்று, கொஞ்சம் கடினம்: ஙன பனகஞு ஞுர்ர புரன்.

நாங்கள் திரும்பி வந்தோம் என்பது தெளிவு. இரண்டாம் பாதியில் ஞுர்ர வெறுமையாக நிற்கிறது. முன்னிலை என்பதால் அது செய்பவர். சொல்லாமல் விட்ட ஆள் படுபவர். அவர் முதல் பாதியின் தனியாள். எனவே ‘நாங்கள் திரும்பி வந்தோம், நீங்கள் எங்களைப் பார்த்தீர்கள்.’ உருபில் தமிழ்க் கணக்கைப் பின்பற்றும் தன்மை, முன்னிலைச் சொற்கள்கூட, இணைக்கும்போது எர்கேட்டிவ் கணக்குக்கே வந்துவிடுகின்றன.